கோடில் தப்பில்லை, கிளாஸ்பாத்தைப் பாருங்கள்: ஜாவா புதியவர்களுக்கு

போன மாங்காய் சீசனில் காவேரிப்பட்டணத்துத் தம்பி ஒருவன் லேப்டாப்போடு கிருஷ்ணகிரிக்கு என் வீடு தேடி வந்தான். சித்தப்பாவின் மண்டிக்கு ரசீது போட ஜாவாவில் ஒரு புரோகிராம் எழுதியிருந்தான். பெங்களூரா எத்தனை கிலோ, செந்தூரா எத்தனை கிலோ, கமிஷன், இறக்குக்கூலி என்று எல்லாவற்றையும் கணக்காகக் கழித்துக் காட்டும். லேபில் ஓடியது, வீட்டில் ஓடவில்லை. "குட் நாட் ஃபைண்ட் ஆர் லோட் மெயின் கிளாஸ்" என்றே வந்தது. மூன்று ராத்திரி கோடை மாற்றி மாற்றி எழுதியிருக்கிறான், பாவம். கோடில் ஒரு பிழையும் இல்லை.

கம்பைல் செய்த (ஜாவா ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றிய) கிளாஸ் கோப்புகளையும், பல கிளாஸ்களை ஒன்றாகக் கட்டிய ஜார் கோப்புகளையும் ஜாவா எங்கெங்கே தேட வேண்டும் என்ற பட்டியல்தான் கிளாஸ்பாத். நாம் எதுவும் சொல்லாவிட்டால், நாம் நிற்கும் போல்டரில் மட்டும் தேடும். கட்டளைகளைக் கீழே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் போல்டர்களைப் பிரியுங்கள். 'கணக்கு' என்று ஒரு போல்டர். அதற்குள் சோர்ஸ், அவுட், லிப் என்று மூன்று. 'மண்டி' என்ற பேக்கேஜில் (கிளாஸ்களைத் தொகுத்து வைக்கும் பெயர்) 'ரசீது' என்ற கிளாஸ் இருந்தால், அந்த ஜாவா கோப்பு சோர்ஸுக்குள் மண்டி என்ற போல்டரில் இருக்க வேண்டும். இனி எல்லாக் கட்டளையையும் கணக்கு போல்டரில் நின்றுதான் கொடுக்கிறோம்.

ஜாவாசி -டி அவுட் சோர்ஸ்/மண்டி/ரசீது.ஜாவா

இப்போது அவுட்டைத் திறந்து பாருங்கள். உள்ளே மண்டி என்ற போல்டரும் அதில் ரசீது.கிளாஸும் வந்திருக்கும். அடுத்து ஓட்டுவது. -சிபி-க்குப் பின்னால் வருவதுதான் கிளாஸ்பாத்:

ஜாவா -சிபி அவுட் மண்டி.ரசீது

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். கிளாஸ் கோப்பு மண்டி போல்டரில்தானே இருக்கிறது என்று 'அவுட்/மண்டி' எனக் கொடுத்துவிடுகிறார்கள். மண்டி.ரசீது என்று கூப்பிட்டால், ஜாவா முதலில் மண்டி என்ற போல்டரைத் தேடி, அதன் பிறகே அதற்குள் ரசீதைத் தேடும். போச்சம்பள்ளிச் சந்தைக்குள் நின்றுகொண்டே போச்சம்பள்ளிக்கு எந்தப் பஸ் என்று கேட்டால் யார் என்ன சொல்ல முடியும்? பேக்கேஜ் போல்டருக்கு ஒரு படி மேலே உள்ளதைக் கொடுங்கள்.

அடுத்து ஜார். ரசீதை மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில் சேமிக்க, அதோடு ஜாவாவை இணைக்கும் டிரைவர் ஜார் தேவை. டிரைவர் இல்லாமலேயே கம்பைல் ஆகிவிடும், ஏனென்றால் நம் கோடு தொடுவது ஜாவாவோடு வரும் எஸ்க்யூஎல் பேக்கேஜை மட்டும்தான். ஓட்டும்போதுதான் "நோ சூட்டபிள் டிரைவர்" என்று நிற்கும். ஜாரை லிப்பில் போட்டுவிட்டு இப்படிக் கொடுங்கள்:

ஜாவா -சிபி "அவுட்;லிப்/*" மண்டி.ரசீது

இரண்டு இடங்களைப் பிரிக்க விண்டோஸில் அரைப்புள்ளி (;), லினக்ஸிலும் மேக்கிலும் முக்காற்புள்ளி (:). மேற்கோள் குறியை விடாதீர்கள். அது இல்லாவிட்டால் லினக்ஸில், நாம் தட்டும் கட்டளையை வாங்கும் ஷெல்லே நட்சத்திரத்தைக் கோப்புப் பெயர்களாக விரித்துவிடக்கூடும். நட்சத்திரம் லிப்பில் நேரடியாக உள்ள ஜார்களை மட்டும் எடுக்கும், உள்போல்டருக்குள் போகாது. தேடுவது இடமிருந்து வலம். ஒரே பெயரில் இரண்டு கிளாஸ் இருந்தால் முதலில் கிடைத்ததே ஓடும்.

சரி, தம்பிக்கு என்ன ஆனது? அவன் லேப்டாப்பில் முன்பு போட்ட ஏதோ ஒரு மென்பொருள், கிளாஸ்பாத் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் (எல்லாப் புரோகிராமும் படிக்கும்படி விண்டோஸ் வைத்திருக்கும் அமைப்பு) தன் ஜாரின் பாதையை எழுதி வைத்திருந்தது. அந்த வேரியபிள் இருந்தால், நிற்கும் போல்டரில் தேடும் பழக்கத்தை ஜாவா விட்டுவிடும். கமாண்ட் பிராம்ப்டில் 'எக்கோ %கிளாஸ்பாத்%' கொடுத்தோம், நீளமாக ஒரு பாதை வந்தது. அதை நீக்கியதும் ரசீது ஓடியது. பழைய பாடங்கள் பல இந்த வேரியபிளை நிரந்தரமாக வைக்கச் சொல்கின்றன. தயவுசெய்து வைக்காதீர்கள். ஒவ்வொரு புரோகிராமுக்கும் -சிபி கொடுங்கள்; அது இருந்தால் வேரியபிளை ஜாவா பார்க்காது. ஆனால் -ஜார் போட்டு ஓட்டினால் இரண்டையுமே பார்க்காது. ஜாருக்குள் இருக்கும் மேனிஃபெஸ்ட் என்ற குறிப்புக் கோப்பு சொல்வதுதான் கணக்கு.

இன்னும் குழப்பமா? -வெர்போஸ்:கிளாஸ் சேர்த்து ஓட்டுங்கள். எந்தக் கிளாஸ் எந்தப் போல்டரிலிருந்து, எந்த ஜாரிலிருந்து வந்தது என்று வரிவரியாகச் சொல்லும்.

மண்டியில் உட்கார்ந்திருக்கும் சித்தப்பா இதையெல்லாம் தட்ட மாட்டார். அதனால் -சிபி உள்ள அந்த ஓட்டும் வரியை ரசீது.பேட் என்ற கோப்பில் எழுதி, கணக்கு போல்டருக்குள்ளேயே வைத்தோம். டெஸ்க்டாப்பில் அதற்கு ஷார்ட்கட் மட்டும்தான். கோப்பையே டெஸ்க்டாப்புக்கு நகர்த்தினால் அவுட்டும் லிப்பும் அங்கே இருக்காது, பழைய பிழையே திரும்ப வரும்.