பிள்ளைகள் பார்க்கும் முன் விடை சொல்லாதீர்கள்: மரத்தடி வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் குறுவள மையக் கூட்டத்துக்காக (சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடிப் பேசும் கூட்டம்) ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாத ஓர் ஆசிரியை, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்கார வைத்திருந்தார். ஆர்வமானவர். படம், அட்டை, குச்சி எல்லாம் தயாராக வைத்திருந்தார். அப்புறம் பேச ஆரம்பித்தார். வேருக்கு என்ன வேலை, இலைக்கு என்ன வேலை என்று முக்கால் மணி நேரம். பின்னால் ஒரு பையன் மரப்பட்டையில் ஏறும் எறும்பு வரிசையை விரலால் மறித்து, அவை எந்தப் பக்கம் சுற்றிப் போகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தான். “அங்க என்ன விளையாட்டு? இங்க கவனி” என்றார். பல வருஷத்துக்கு முன்னால் நானே சொன்ன வார்த்தைகள். அதைக் கேட்டதும்தான் இதை எழுதத் தோன்றியது.

தலை எண்ணுவது, குடிதண்ணீர், தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டுப் போவது, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பதினொரு மணிக்கு வெளியே போவது

நம் வேலூர் வெயிலைப் பற்றி யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் கால அட்டவணையில் சூழ்நிலையியல் பதினொரு மணிக்கு இருக்கிறது என்பதற்காக ஜூன் மாதத்தில் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். காலை உணவு முடிந்து வழிபாட்டுக் கூட்டமும் முடிந்த கையோடு போய்விடுங்கள். பாடவேளையை மாற்றிக்கொள்ளலாம், வெயிலை மாற்ற முடியாது. முதல் நாளே அதே நேரத்துக்கு அந்த இடத்தில் போய் நின்று, நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஒன்பதரைக்கு நிழலாக இருந்த இடம் பத்தேகாலுக்கு வெயிலாகிவிடும். புங்கமரம் இருக்கும் பள்ளி கொடுத்துவைத்தது.

பிள்ளைகளைச் சூரியனைப் பார்த்து உட்கார வைப்பது

வெயில் உங்கள் முகத்தில் விழட்டும்.

விடையை முதலில் சொல்லிவிடுவது

இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்கு ஆறாது.

பல வருஷத்துக்கு முன்னால் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். விதை முளைப்பதைக் காட்ட மூன்று கொட்டாங்குச்சிகளில் மண் போட்டு, ஆளுக்கொரு காராமணி விதையை ஊன்றச் சொன்னேன். முதலாவதற்குத் தண்ணீரும் வெளிச்சமும். இரண்டாவதற்குத் தண்ணீர் கிடையாது. மூன்றாவதற்குத் தண்ணீர் ஊற்றி, வேப்பமரத்து நிழலில் மண்பானையைக் கவிழ்த்து மூடி வைத்தோம். ஊன்றும்போதே விளக்கமும் கொடுத்துவிட்டேன்: “முதலாவது முளைக்கும். மற்ற இரண்டும் முளைக்காது. விதைக்குத் தண்ணீரும் வேணும், வெளிச்சமும் வேணும்.”

அடுத்த திங்கட்கிழமை பானையைத் தூக்கினால், உள்ளே எல்லாம் முளைத்திருந்தன. வெளியே இருந்தவற்றைவிட உயரமாக, வெளுத்து, மஞ்சள் இலையோடு சாய்ந்து கிடந்தன. நான் சொன்னது தவறு. காராமணி, அவரை, மல்லாட்டை (வேர்க்கடலை) மாதிரி பருப்புள்ள விதைகள் முளைக்க வெளிச்சம் வேண்டியதில்லை. முளைக்கத் தேவையான உணவு அந்தப் பருப்பிலேயே இருக்கிறது. இலை விட்ட பிறகு உணவு தயாரிக்கத்தான் வெளிச்சம் வேண்டும். இருட்டில் முளைத்தது வெளிச்சத்தைத் தேடி நீண்டு வளர்வதால்தான் அவ்வளவு உயரம். பச்சையம் உண்டாகாததால் அந்த வெளுப்பு.

நான் தவறாகச் சொன்னதைக்கூட மன்னித்துவிடலாம். அதற்கப்புறம் நடந்ததை மறக்கவே முடியவில்லை. பார்த்ததை வரைந்து எழுதச் சொல்லி நோட்டுகளை வாங்கினேன். முப்பத்தோரு பிள்ளைகளில் இருபத்தாறு பேர் மூன்றாவது கொட்டாங்குச்சிக்குக் கீழே “முளைக்கவில்லை” என்று எழுதியிருந்தார்கள். கண்ணெதிரே முளைத்து நிற்கிறது, கை முளைக்கவில்லை என்று எழுதுகிறது. ஒரு பெண்ணின் நோட்டில் நீளமாக ஒரு தண்டை வரைந்து ரப்பரால் அழித்திருந்த தடம் இருந்தது. ஏம்மா அழித்தாய் என்று கேட்டேன். “நீங்கதானே டீச்சர் முளைக்காதுன்னு சொன்னீங்க.”

எட்டு வயதுப் பிள்ளை தன் கண்ணை நம்பாமல் என்னை நம்பியிருக்கிறாள். பிள்ளைகளை வெளியே அழைத்துப் போவதே அவர்கள் கண்ணால் பார்க்கட்டும் என்பதற்குத்தான். அதையே நான் கெடுத்துவிட்டேன். அந்த வகுப்பு மறுபடி தைரியமாகத் தான் பார்த்ததைச் சொல்ல அரையாண்டுத் தேர்வு வரை ஆனது. எதைக் கேட்டாலும் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள். அதனால்தான் இன்றைக்கும் யாராவது மரத்தடியில் முதல் வாக்கியத்திலேயே விடையைப் போட்டு உடைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, அதற்குப் பதிலாக என்ன செய்வது? ஒரே ஒரு கேள்வியோடு போங்கள். போனதும் ஐந்து நிமிஷம் பேசாதீர்கள். அந்த ஐந்து நிமிஷம் மிக நீளமாகத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழியானையை எடுத்துக்கொள்ளுங்கள். தாழ்வாரத்து ஓரம், மழை படாத பொடிமண்ணில் புனல் மாதிரி சின்னச் சின்னக் குழிகள் இருக்குமே, அதன் அடியில் இருக்கும் பூச்சி. முதல் தடவை நான் பேர் சொல்லி, எறும்பு வழுக்கி விழும், தலையால் மண்ணை வீசும், பிடித்து உறிஞ்சும் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டு அரை நிமிஷத்தில் நகர்ந்துவிட்டார்கள். இன்னொரு வருஷம், “இந்தக் குழியை யார் தோண்டியிருப்பாங்க?” என்று மட்டும் கேட்டேன். பாடவேளை முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. ஒருவன் ஈர்க்குச்சியால் விளிம்பைத் தட்டி மண்ணை உருட்டிவிட்டான். உள்ளிருந்து மண் தெறித்தது. இன்னொருத்தி அதை உள்ளங்கையில் எடுத்து வைத்து, பின்பக்கமாகவே நடக்கிறது என்று கண்டுபிடித்தாள். உடனே “ரிவர்ஸ் பூச்சி” என்று பேர் வைத்தார்கள். அவர்கள் பேர் வைத்த பிறகுதான் நம் ஊரில் அதற்குக் குழியானை என்று பேர் என்று சொன்னேன். வளர்ந்தால் தட்டான் மாதிரி இறக்கையோடு பறக்கும் என்று சொன்னபோது வாய் பிளந்து கேட்டார்கள். முதல் வருஷமும் அதையேதான் சொன்னேன், அன்றைக்குக் கேட்க ஆளில்லை. பார்த்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.

பிள்ளை “இது என்ன டீச்சர்?” என்று கேட்டால் உடனே பேர் சொல்ல நாக்கு துடிக்கும். “அது என்ன பண்ணுது?” என்று திருப்பிக் கேளுங்கள். தவறாகச் சொன்னாலும் அப்போதே திருத்த வேண்டாம். எறும்புக்கு எட்டுக் கால் என்றால், இன்னொரு தடவை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள், போதும்.

அரும்பு நிலை (ஆரம்ப நிலை) பிள்ளைகளை வகுப்பிலேயே விட்டுப் போவது

வேண்டவே வேண்டாம். எழுத்து கூட்டத் தெரியாதவனுக்குத்தான் வெளியே நிறையப் பேச்சு வரும். “கணக்கை முடிச்சாத்தான் வெளியே” என்று மரத்தடியைப் பரிசுப் பொருளாக ஆக்காதீர்கள்.

வேலியோரச் செடிகளைக் கவனிக்காமல் விடுவது

இலை பொறுக்கி வரச் சொல்வதற்கு முன் நீங்கள் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. பார்த்தீனியம் சில பிள்ளைகளுக்கு அரிப்பும் தும்மலும் தரும். மழைக்கப்புறம் முருங்கைமரத்தில் கம்பளிப்பூச்சி அடை அடையாக இருக்கும். எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் காட்டாமணக்குதான். அதன் விதை தின்ன ருசியாக இருக்கும். இரண்டு மூன்று தின்றாலே வாந்தியும் வயிற்றுப்போக்கும் பிடித்துக்கொள்ளும். அந்தச் செடி எது என்று பிள்ளைகளுக்குக் காட்டி, வாயில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். இதற்கு மட்டும் விடையை முதலிலேயே சொல்லலாம்.

பாலாற்றுக்குள் இறங்குவது

கரையோடு நில்லுங்கள். மணல் அள்ளிய குழியில் தண்ணீர் தேங்கியிருந்தால் ஆழம் தெரியாது. எப்போதும் வறண்டே கிடக்கும் ஆறு என்று நினைக்க வேண்டாம், 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியதை நாம் பார்த்தோம்.

கோட்டைக்குப் போய் 1806-ஐ ஒப்பிக்க வைப்பது

ஜூலை 10, 1806. வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்தார்கள். பெரிய வகுப்புகளுக்கு அவசியம் சொல்ல வேண்டிய கதை. ஆனால் போன வருஷம் எது, முந்தாநாள் எது என்றே குழம்பும் ஆறு வயதுக்கு அந்த எண் ஒட்டாது. ஒன்று, இரண்டாம் வகுப்பானால் கல்லைத் தொடச் சொல்லுங்கள். மதிலில் ஒரு கல் எத்தனை சாண்? நிழலில் இருக்கும் கல்லும் வெயிலில் இருக்கும் கல்லும் உள்ளங்கைக்கு ஒரே மாதிரியா? அகழி எதற்கு என்று கேட்டால் அவர்களே மணிக்கணக்கில் பேசுவார்கள். கைப்பிடிச் சுவர் ஓரத்தில் மட்டும் ஒரு பெரியவர் நிற்கட்டும்.

பயிற்சித்தாளைக் கொடுத்து வெளியே அனுப்புவது

காற்றில் பறக்கும். புளியங்கொட்டை கொடுங்கள், எண்ணிக்கொண்டு வரட்டும்.

திரும்பி வந்ததும் மணி அடித்துவிடுவது

நாற்பது நிமிஷத்தில் பத்து நிமிஷத்தை வகுப்பறைக்கு ஒதுக்குங்கள். கை கால் கழுவி, வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொன்று தாங்கள் பார்த்ததைச் சொல்லட்டும். அவர்கள் சொல்லும் சொல்லையே கரும்பலகையில் எழுதுங்கள். ரிவர்ஸ் பூச்சி என்றால் ரிவர்ஸ் பூச்சிதான். அன்றைக்கு வாசிப்புப் பாடமும் அதுவே. தாங்கள் சொன்ன சொல் பலகையில் இருக்கும்போது, எழுத்து கூட்டத் தெரியாத பிள்ளைகூட எழுந்து வந்து விரல் வைத்துக் காட்டும்.