காந்த நடுக்கோட்டுக்கு மேலே எத்தனை அடுக்கு? நீங்களே வரைந்து பாருங்கள்

தரையிலிருந்து மேலே அனுப்பும் ரேடியோ அலைக்கு, சூரிய ஒளியால் மின்னேறிய மேல்வளிமண்டலமான அயனி மண்டலத்தின் பாதிதான் தெரியும். அதன் மிக அடர்ந்த அடுக்கான எஃப்2-இன் உச்சத்தைத் துளைத்துக்கொண்டு போன அலை திரும்பி வராது. அதற்கும் மேலே அடர்த்தி குறைந்த இன்னோர் அடுக்கு இருந்தாலும் தரைக் கருவி அதைக் காட்டாது. 1962-ல் ஏவப்பட்ட கனடாவின் அலுவெட்-1 செயற்கைக்கோள், விண்ணிலிருந்து கீழ்நோக்கி அலை அனுப்பி அந்த மறுபக்கத்தைக் காட்டியது. அங்கே ஒளிந்திருக்கும் எஃப்3 அடுக்கை உங்கள் கணினியிலேயே தேடலாம். பள்ளிக் கணிதமும் பைத்தான் நிரல்மொழியில் கொஞ்சம் பழக்கமும் போதும்.

1. தரவைத் தேர்ந்தெடுங்கள்

தைவானும் அமெரிக்காவும் 2006 ஏப்ரலில் ஏவிய ஃபார்மோசாட்-3/காஸ்மிக் செயற்கைக்கோள்கள் ஆறு. அடிவானத்தில் மறையும் ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் இரண்டு அலைவரிசைகளும் வழியில் எவ்வளவு மாறுகின்றன என்று அளந்து, உயரவாரியாக எலெக்ட்ரான் அடர்த்தியைக் கணக்கிட்டார்கள். அந்தக் கோப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

2019-ல் வந்த காஸ்மிக்-2 தாழ் அட்சரேகைகளில் இன்னும் நிறைய அளக்கிறது. ஆனால் அது சுற்றுவது சுமார் 550 கி.மீ. உயரத்தில். எஃப்3 பெரும்பாலும் 500 முதல் 700 கி.மீ. வரை இருப்பதால் படம் பாதியில் அறுந்துவிடும். சுமார் 800 கி.மீ. உயரத்தில் சுற்றிய பழைய காஸ்மிக்கையே எடுங்கள். சூரியன் அமைதியாக இருந்த 2008 நல்ல தொடக்கம். அத்தகைய ஆண்டுகளில்தான் எஃப்3 அதிகம் தென்படுகிறது.

2. இடமும் நேரமும்

எஃப்3-ஐக் காந்த நடுக்கோட்டுக்கு அருகே தேட வேண்டும். பூமியின் நடுக்கோடு வேறு, காந்த நடுக்கோடு வேறு: பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் கோடுதான் இது. பெருவில் அது தெற்கே சுமார் 12 டிகிரியில் போகிறது; இந்தியாவில் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963-ல் தும்பாவில் முதல் ராக்கெட் பறந்ததற்கும், திருநெல்வேலியில் புவிகாந்த ஆய்வுக்கூடம் இருப்பதற்கும் காரணம் இதுதான்.

கோப்பில் இருப்பது உலக நேரம். தீர்க்கரேகையை 15-ஆல் வகுத்துக் கூட்டினால் உள்ளூர்ச் சூரிய நேரம் கிடைக்கும். திருநெல்வேலி 77.8 டிகிரி கிழக்கு. எனவே 5 மணி 11 நிமிடம் கூட்ட வேண்டும். உலக நேரம் காலை 5 என்றால் அங்கே 10.11. நமக்கு வேண்டியது காலை 9 முதல் பிற்பகல் 3 வரை.

3. அலகு

அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு எத்தனை எலெக்ட்ரான் என்று இருக்கும். 10 லட்சம் என்றிருந்தால் அதன் வர்க்கமூலம் 1000. அதை 9-ஆல் பெருக்கினால் 9000 கிலோஹெர்ட்ஸ், அதாவது 9 மெகாஹெர்ட்ஸ். தரையிலிருந்து செங்குத்தாக அனுப்பும் அலை அந்த அடுக்கில் மோதித் திரும்பும் எல்லை கிட்டத்தட்ட இதுதான்.

4. வரையுங்கள்

கிடையச்சில் அடர்த்தி, செங்குத்தச்சில் உயரம். 110 கி.மீ. அருகே சிறு புடைப்பு: இ அடுக்கு. 150 முதல் 200-க்குள் லேசான வளைவு: எஃப்1; பல படங்களில் தெரியாது, கவலை வேண்டாம். 250 முதல் 400-க்குள் பெரிய வயிறு: எஃப்2.

5. எஃப்3-ஐத் தேடுங்கள்

பகலில் நடுக்கோட்டு மின்புலம் கிழக்கு நோக்கியும் காந்தப்புலம் வடக்கு நோக்கிக் கிடையாகவும் இருப்பதால், அயனிகள் மேலே தூக்கப்படுகின்றன. காலையில் எஃப்2-இன் உச்சமே இப்படி மேலேறிவிட, அது விட்டுச்சென்ற உயரத்தில் சூரிய ஒளி புதிய எஃப்2-ஐ உண்டாக்குகிறது. மேலே போன பழைய உச்சம்தான் எஃப்3.

படத்தில் எஃப்2 உச்சத்துக்கு மேலே அடர்த்தி சீராகக் குறைய வேண்டும். 20 கி.மீ. சராசரி எடுத்துச் சமன்படுத்திவிட்டு, அடுத்தடுத்த உயரங்களின் வேறுபாட்டைக் கணக்கிடுங்கள். எங்காவது சரிவு நின்று, வீட்டுத் திண்ணை போல ஒரு தட்டு தெரிந்தாலோ, அடர்த்தி மறுபடி கூடினாலோ அந்த உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

6. உடனே நம்பாதீர்கள்

இந்த வேலையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். ஒரே உயரத்தில் சுற்றிலும் அடர்த்தி ஒன்றுபோல இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறார்கள். நடுக்கோட்டில் அது உண்மையில்லை. தூக்கப்பட்ட அயனிகள் காந்தக் கோடுகளின் வழியே வழிந்து, இருபுறமும் சுமார் 15 டிகிரியில் முகடுகளாகக் குவிகின்றன. அதனால் முகடுகளுக்குக் கீழே, அடர்த்தி குறைந்த, உண்மையில் இல்லாத குகைகளைக் கணக்கு உண்டாக்கிவிடுகிறது. கீழ்ப்பகுதிப் புடைப்புகளை இரட்டிப்புச் சந்தேகத்தோடு பாருங்கள்.

படம் நேர்செங்குத்தும் அல்ல: உயரம் மாறும்போது இடமும் நூற்றுக்கணக்கான கி.மீ. நகர்ந்துவிடும். புடைப்பு தெரியும் உயரத்தில் அட்சரேகை என்ன என்று அதே வரிசையில் பார்த்துவிடுங்கள். அன்று காலை அருகே பதிவான மற்ற கோப்புகளையும் அதே தாளில் வரையுங்கள். ஏறத்தாழ அதே உயரத்தில் இரண்டு மூன்றிலாவது திண்ணை தெரிந்தால் மட்டும் எஃப்3 என்று எழுதுங்கள்.