டயர் காற்று விளக்கு: அளந்த பிறகுதான் ரீசெட்

சித்திரை மாதம், மதியம் இரண்டு மணி. மேலூரிலிருந்து நான்குவழிச் சாலையில் வந்தவன், ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பங்க்கில் நிறுத்தி நான்கு டயருக்கும் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்றுப் பிடித்தேன். மீட்டரில் எரிந்த மஞ்சள் விளக்கு அணையட்டும் என்று அங்கேயே ரீசெட்டும் அழுத்திவிட்டேன். மறுநாள் விடியற்காலையில் வாசலில் வைத்து அளந்தால் நான்கிலும் 28தான். அந்தக் குறைந்த காற்றைத்தான் சரியான அளவு என்று என் கார் பதிந்து வைத்திருந்தது.

ரீசெட் என்பது விளக்கை அணைக்கிற வேலை இல்லை. 'இப்போது டயரில் இருப்பதுதான் சரியான காற்று' என்று காருக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை. அதனால் அளப்பது முதலில், அழுத்துவது கடைசியில்.

உங்கள் காரில் எந்த வகை?

திரையில் ஒவ்வொரு டயரின் அளவும் எண்ணாகத் தெரிந்தால், சக்கரத்துக்குள் வால்வோடு சென்சார் இருக்கிறது. எண் எதுவும் இல்லாமல் விளக்கும் ரீசெட் பொத்தானும் மட்டும் இருந்தால், பெரும்பாலும் அது, பிரேக்குக்காகச் சக்கரம் சுற்றும் வேகத்தை அளக்கிற ஏபிஎஸ் சென்சாரை வைத்துக் கணக்குப் போடுகிற வகை. காற்று இறங்கிய டயர் கொஞ்சம் சிறுத்து, மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும். அந்த வித்தியாசத்தைக் கார் பிடித்துவிடும். நான்கும் ஒன்றுபோல மெல்ல இறங்கினால் அதற்குத் தெரியாமல் போகலாம்.

விளக்கு விடாமல் எரிந்தால் காற்றுக் குறைவு. ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் போல மின்னிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தால் சென்சாரிலோ வயரிங்கிலோ கோளாறு. அதற்கு மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

படி 1: காலையில் அளந்து பாருங்கள்

வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றிருக்க வேண்டும். ஐந்தாறு டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ கூடும். மதுரை வெயிலில் ஓடி வந்த டயர் காட்டும் எண்ணை நம்பவே முடியாது. சூடான டயரில் காற்று அதிகமாகத் தெரிகிறது என்று திறந்துவிடவும் கூடாது. பங்க் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தால் காலையிலேயே மெதுவாகப் போய்ப் பிடிக்கலாம்.

படி 2: சரியான எண்

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் வேறு எண் இருக்கலாம்; ஆளும் மூட்டையுமாகக் கொடைக்கானல் போகிற அன்றைக்குத் தனி எண்ணும் இருக்கலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதைப் பிடிக்காதீர்கள்.

ஒரே ஒரு டயர் மட்டும் நன்றாக இறங்கியிருந்தால் முதலில் பஞ்சர் பாருங்கள். ஆணியோடு ரீசெட் செய்து பயனில்லை.

படி 3: ரீசெட்

வண்டி நிற்க வேண்டும், ஹேண்ட்பிரேக் போட்டு இக்னிஷன் ஆனில் இருக்க வேண்டும். பொத்தான் ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும், இல்லையென்றால் திரையின் செட்டிங்ஸில். விளக்கு மின்னும் வரை, அல்லது திரையில் செய்தி வரும் வரை அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் இருபது, முப்பது நிமிடம் ஓட்ட வேண்டும். சரியான நேரம் காரின் கையேட்டில் இருக்கும். கோரிப்பாளையத்தில் நின்று நின்று போவதைவிட ரிங் ரோட்டில் ஒரே சீராக ஓட்டினால் சீக்கிரம் பதியும்.

சக்கரத்துக்குள் சென்சார் உள்ள கார்களில் பெரும்பாலும் இந்த வேலையே இல்லை. காற்றைச் சரி செய்து கொஞ்ச தூரம் ஓட்டினால் விளக்கு தானாக அணையும்.

பராமரிப்பு

பஞ்சர் கடையில் டயரைக் கழற்றும் முன்பே, "அண்ணே, வால்வுக்கு அடியில சென்சார் இருக்கு, பார்த்துக் கழட்டுங்க" என்று சொல்லிவிடுங்கள். நெம்புகோல் பட்டு உடைந்தால் முழு சென்சாரையும் மாற்ற வேண்டும். உள்ளே இருக்கும் பேட்டரியும் அப்படித்தான்: பொதுவாக ஐந்து முதல் பத்து வருடம் வரும், தீர்ந்தால் தனியாக மாற்ற முடியாது. பஞ்சர் அடைக்க ஊற்றுகிற திரவம் சென்சாரின் துளையை அடைத்துவிடும். வால்வுக்கு பிளாஸ்டிக் மூடியே நல்லது, உலோக மூடி துருவேறி இறுகிக்கொள்ளும்.

ரீசெட் பொத்தான் உள்ள காரில் டயர் மாற்றினாலும், முன்பின் மாற்றிப் போட்டாலும் திரும்ப ரீசெட் செய்யுங்கள். மாதம் ஒருமுறை கையால் அளப்பதை விட்டுவிடாதீர்கள். பல கார்களில் கால்பங்கு காற்று போன பிறகுதான் விளக்கு எரியும். 33 இருக்க வேண்டிய டயரில் அப்போது சுமார் 25தான் மிச்சம் இருக்கும். அளக்கும்போது ஸ்டெப்னியையும் அளந்துவிடுங்கள். பெரும்பாலான கார்களில் அதற்குச் சென்சார் கிடையாது.