அடிபட்ட மயிலைத் தோட்டத்தில் கண்டால்

பல்லடம், காங்கேயம் பக்கத்துத் தோட்டங்களில் மயில்கள் சாதாரணமாகத் திரிவதால், மின்கம்பியில் மோதியோ நாய்க்கடிபட்டோ கிடக்கும் ஒன்றை என்றாவது ஒருநாள் நாம் காண நேரிடும். மின்கம்பத்தடியில் கிடந்தால், அறுந்த கம்பி ஏதும் தொங்குகிறதா என்று முதலில் அண்ணாந்து பார்த்துவிட்டே அருகில் செல்ல வேண்டும். நாயைக் கட்டிவிட்டு, பின்புறமாகச் சென்று, பருத்தித் துண்டு ஒன்றைத் தலையின்மேல் போர்த்தினால், கண் மறைந்ததும் பறவை பெரும்பாலும் அடங்கிவிடும்; அதன் பிறகு இறக்கைகளை உடலோடு அணைத்து, கால்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆண் மயிலின் காலில் உள்ள முள் கையைக் கிழித்துவிடும். அலகைவிட அதற்குத்தான் அஞ்ச வேண்டும். காற்றோட்டமுள்ள பெரிய அட்டைப்பெட்டியில் சாக்கு விரித்து, இருட்டான, அரவமற்ற இடத்தில் வைக்கலாம். பதற்றத்தில் பலரும் அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றுகிறார்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கிப் பறவையைக் கொன்றுவிடக்கூடும் என்பதால் அறவே கூடாது. முறிந்த இறக்கைக்குக் குச்சி வைத்துக் கட்டவும் வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் மயில் இருப்பதால், குணமாகும்வரை நாமே வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணாமல், வனச்சரக அலுவலகத்துக்கு உடனே தெரிவித்து, கண்ட இடத்தையும் நேரத்தையும் சொல்லி ஒப்படைக்க வேண்டும்.