ஹைட்ரண்டில் கார் மோதினால் தண்ணீர் பீறிடுமா?

ஹாலிவுட் படத்தில் துரத்தல் காட்சி என்றால் ஒரு தள்ளுவண்டி கவிழ வேண்டும், பெரிய கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் சாலையைக் கடக்க வேண்டும், அப்புறம் ஒரு கார் நடைபாதை ஓரத்து ஃபயர் ஹைட்ரண்டை, அதாவது தீயணைப்புக்குத் தண்ணீர் எடுக்கும் இரும்புத் தூணை, இடித்துத் தள்ள வேண்டும். இடித்த நொடியில் தண்ணீர் மூன்று மாடி உயரத்துக்குப் பீறிடும். இதைப் பார்த்து அப்படியே நம்புவது ஒரு தவறு. "எல்லாம் சினிமா ரீல்" என்று ஒதுக்குவது இன்னொரு தவறு. நான் ரொம்ப நாள் இரண்டாவது கூட்டத்தில் இருந்தவன்.

எல்லா ஹைட்ரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பதில்தான் குழப்பமே தொடங்குகிறது. அமெரிக்கத் தெருக்களில் இரண்டு வகை உண்டு. குளிர் கடுமையான ஊர்களில் டிரை பேரல். பெயருக்கேற்ப, தரைக்கு மேலே தெரியும் இரும்புத் தூணுக்குள் தண்ணீரே இருக்காது. இருந்தால் பனிக்காலத்தில் உறைந்து தூணையே பிளந்துவிடும். அதனால் வால்வை மண் உறையாத ஆழத்தில் புதைத்திருப்பார்கள். உச்சியில் உள்ள நட்டைத் திருகினால், உள்ளே இறங்கும் நீண்ட தண்டு அடியில் இருக்கும் வால்வைத் திறக்கும். வேலை முடிந்து மூடியதும், மிச்சத் தண்ணீர் அடியில் உள்ள வடிகால் துளை வழியே மண்ணில் இறங்கிவிடும்.

இப்போது ஒரு கார் இதில் மோதுகிறது என்று வையுங்கள். தரை மட்டத்தில் தூணின் இரண்டு பாகங்களும் சேரும் இடத்தை வேண்டுமென்றே பலவீனமாகச் செய்திருப்பார்கள். உள்ளே இருக்கும் தண்டின் இணைப்பும் அப்படித்தான். மேல்பாகம் முறிந்து உருளும். கீழே வால்வு மூடியபடியே இருக்கும், குழாயின் நீரழுத்தமே அதை மூடிய நிலையில் அழுத்திப் பிடித்திருப்பதால். ஒரு சொட்டுகூட வராமல் போகலாம். நியூயார்க், சிகாகோ போன்ற நகரங்களில் இருப்பது இந்த வகைதான். ஆகவே பனி கொட்டும் தெருவில் நீரூற்று பீறிடும் காட்சியை எழுதாதீர்கள்.

வெட் பேரல் வகையில் கதையே வேறு. தண்ணீர் தூணின் உச்சி வரை எப்போதும் நிறைந்து நிற்கும், வால்வுகள் மேலே, தண்ணீர் வெளிவரும் ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனி. உறைபனிக்குப் பயப்பட வேண்டாத கலிபோர்னியா, ஹவாய் போன்ற இடங்களில் இது வழக்கம். இதை இடித்து முறித்தால், அடியில் தானாக மூடும் தடுப்பு வால்வு பொருத்தியிருந்தாலொழிய, தண்ணீர் நிஜமாகவே வானத்துக்குப் போகும். ஹாலிவுட் இருப்பது லாஸ் ஏஞ்சல்ஸில். தங்கள் தெருவில் நடப்பதைத்தான் படம் எடுத்தார்கள். கதை நியூயார்க்கில் நடந்தாலும் அதே ஊற்றைக் கூடவே கொண்டுபோனதுதான் தப்பு. லண்டன் கதை என்றால் இன்னும் மோசம். பிரிட்டனில் ஹைட்ரண்ட் பொதுவாகத் தரைக்கடியில் இரும்பு மூடிக்குள் இருக்கும். பக்கத்தில் மஞ்சள் பலகையில் ஒரு 'எச்' எழுத்துதான் அடையாளம். இடிப்பதற்கே ஒன்றும் இல்லை.

சரி, டிரை பேரல் என்றால் ஒழுகவே ஒழுகாதா? அப்படியும் சொல்லிவிட முடியாது. முறியும் இணைப்பு இல்லாத பழைய ஹைட்ரண்டில் மோதலின் அதிர்ச்சி நேரே மண்ணுக்கடியில் உள்ள குழாய்க்குப் போகும். அது உடைந்தால் தண்ணீர் ஊற்றாக எழாது, தரையிலிருந்து பொங்கி வந்து மண்ணை அரிக்கும். பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும், ஆனால் சாலையே உள்வாங்க வாய்ப்புண்டு.

ஊற்று காரையே தூக்கி நிறுத்தும் காட்சிக்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டேன். 15 செ.மீ. விட்டமுள்ள குழாயிலிருந்து நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் தண்ணீர் கிளம்பினால் சுமார் 11 மீட்டர் உயரம் போகும். நொடிக்கு 265 லிட்டர் கொட்டும். அது தரும் உந்துவிசை ஏறக்குறைய 400 கிலோ எடைக்குச் சமம். காரின் அடியில் பட்டு நேர் கீழே திரும்பினால்கூட 800 கிலோதான். ஒன்றரை டன் கார் ஆடலாம், மிதக்காது. இடித்த பிறகும் கார் ஜோராக ஓடுவது அதைவிடப் பெரிய பொய். ஹைட்ரண்ட் வார்ப்பிரும்பு, பம்பரும் ரேடியேட்டரும் தப்பாது.

ஊற்றைக் கொண்டாட்டமாகக் காட்டுவதுதான் எனக்குப் பிடிக்காதது. நடைபாதை ஓரத்தில் ஹைட்ரண்டுக்குப் பக்கத்திலேயே விளக்குக் கம்பமும் இருக்கலாம். 2012 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸின் வேலி வில்லேஜ் பகுதியில் ஒரு கார் இரண்டையும் இடித்துச் சாய்த்தது. காரில் இருந்தவர் பிழைத்துக்கொண்டார். உதவப் போன இரண்டு பெண்கள் மின்சாரம் பாய்ந்த தண்ணீரில் கால் வைத்து இறந்துபோனார்கள். கம்பமோ கம்பியோ விழுந்திருந்தால் தண்ணீர் பக்கமே போகாதீர்கள். காருக்குள் இருப்பவர், தீப்பிடித்தாலொழிய, உள்ளேயே இருக்க வேண்டும். அவசர எண்ணுக்குக் கூப்பிட்டுவிட்டு, மற்றவர்களையும் நெருங்க விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படத்தில் அடுத்த ஷாட்டிலேயே தண்ணீர் நின்றுவிடும். நிஜத்தில் குடிநீர் வாரிய ஆள் வரவேண்டும். குளமாகிவிட்ட சாலையில் வால்வின் மூடியைத் தடவித் தேட வேண்டும். நீண்ட 'டி' வடிவச் சாவியை உள்ளே விட்டு, 6 அங்குல வால்வு என்றால் ஏறக்குறைய 20 சுற்று திருக வேண்டும். அவசரப்பட்டுத் திருகினால், ஓடிக்கொண்டிருந்த நீர் சட்டென்று தடைபட்டு அழுத்தம் எகிறி, வேறொரு இடத்தில் குழாய் வெடிக்கக்கூடும். அதனால் ஊற்று பக்கத்திலேயே இரைந்துகொண்டிருக்க, அவர் நனைந்தபடி மெதுவாகத்தான் திருகிக்கொண்டிருப்பார்.