மெயில் ஃபார்வர்டு: கவர் மேல் யார் பெயர் இருக்கிறது?

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஃபிளாட் பையன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணா, எஸ்பிஎஃப்ல நம்ம ஐபிய சேர்த்துட்டேன். அப்புறமும் ஜிமெயில் ரிஜெக்ட் பண்ணுது." சொந்த டொமைனுக்கு வருகிற மெயிலைத் தன் சர்வர் வழியாக ஜிமெயிலுக்குத் திருப்பிவிடப் பார்க்கிறான். எஸ்பிஎஃப் என்பது, ஒரு டொமைன் பெயரில் எந்த ஐபிகளிலிருந்து (சர்வர் முகவரிகள்) மெயில் அனுப்பலாம் என்று அந்த டொமைன் வெளியிடுகிற பட்டியல். கேட்டதும் சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும். பெங்களூரு முருகேஷ்பாளையாவுக்குக் குடிவந்த புதிதில் இதே கேள்வியோடுதான் நானும் அலைந்தேன். இவனுக்கு முன்னால் இன்னும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

ஃபார்வர்டில் நடக்கிற தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். எம்எக்ஸ் ரெக்கார்டில் (டொமைனுக்கு வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்ற குறிப்பு) எழுத்துப் பிழை, ஏலியஸ் ஃபைலை (எந்த முகவரிக்கு வந்ததை எங்கே திருப்புவது என்ற பட்டியல்) மாற்றிவிட்டு, அதை சர்வர் படிக்கிற வடிவுக்கு மாற்றும் போஸ்ட்மேப்பை ஓட்ட மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். சர்வர் எழுதிவைக்கிற லாகைப் பார்த்தாலே பத்து நிமிடத்தில் பிடிபடும்.

கவரை மாற்றாமல் அனுப்புவது

ஒரு மெயிலில் அனுப்புநர் பெயர் இரண்டு இடத்தில் இருக்கும். திறந்தால் மேலே தெரிகிற 'ஃப்ரம்' கடிதத்துக்குள் எழுதியது. சர்வர்கள் தங்களுக்குள் 'மெயில் ஃப்ரம்' என்று சொல்லிக்கொள்வது கவர் மேல் எழுதியது. எஸ்பிஎஃப் பார்ப்பது கவரை.

போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் ப்ரோகிராமில் ஒரு வர்ச்சுவல் ஏலியஸ் போட்டு ஜிமெயிலுக்குத் திருப்பினால், கவர் மேல் பழைய அனுப்புநர் பெயரே இருக்கும். கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும் உங்கள் சர்வர். ஜிமெயில் அந்த அனுப்புநரின் டொமைனைத்தான் விசாரிக்கும்: இந்த ஐபி உங்கள் ஆளா? இல்லை என்று பதில் வரும். உங்கள் டொமைனின் எஸ்பிஎஃப்பை அங்கே யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அதில் ஐபி சேர்ப்பது, பக்கத்து வீட்டு அரிசியை வாங்க நம் வீட்டு ரேஷன் கார்டை நீட்டுகிற கதை.

எனக்கு இது புரிந்தது அல்சூரில். மச்சானுக்கு அங்கே கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற கடை. கடை பெயரில் டொமைன் வாங்கி, வாடகை சர்வரில் போஸ்ட்ஃபிக்ஸ் போட்டு, வருகிற மெயிலெல்லாம் அவன் ஜிமெயிலுக்குப் போகிற மாதிரி செய்து கொடுத்தேன். ஆபீஸ் மெயிலிலிருந்து ஒன்று அனுப்பிப் பார்த்தேன், வந்தது. மூன்று வாரம் கழித்து மச்சான் போன் செய்தான். "மாமா, ஒயிட்ஃபீல்டு பார்ட்டி மெயில் போட்டா திரும்பி வருதாம். கடைய மூடிட்டோம்னு நினைச்சு வேற இடத்துல கொடுத்துட்டாங்க." எண்ணூறு பத்திரிகை ஆர்டர் அது.

லாகைத் திறந்தால் வரிசையாக 550, 5.7.26. அனுப்புநர் யார் என்று உறுதியாகவில்லை என்று ஜிமெயில் மறுக்கிற குறியீடு அது. எல்லாம் சின்ன ஹோஸ்டிங்கிலிருந்து, டிகிம் கையெழுத்து (அனுப்பும் டொமைன் மெயிலில் போடுகிற டிஜிட்டல் முத்திரை) இல்லாமல் வந்தவை. டிகிம் கடிதத்துக்குள்ளேயே இருப்பதால் கை மாறினாலும் கலையாது. என் ஆபீஸ் மெயில் அந்தத் தயவில்தான் தேறியிருக்கிறது. 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயிலுக்கு யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது தேற வேண்டும் என்பது விதி. இவற்றில் டிகிம் கிடையாது, எஸ்பிஎஃப்பை நான் உடைத்துவிட்டேன்.

எரிச்சல் என்னவென்றால், பவுன்ஸ் (மெயில் சேரவில்லை என்று திரும்பி வருகிற அறிவிப்பு) நமக்கு வராது. கவர் மேல் இருக்கிற பெயருக்குத்தானே போகும்? தவறு நம்முடையது, திட்டு வாங்குகிற மாதிரி ஒரு ஆங்கிலக் கடிதம் போவது வாடிக்கையாளருக்கு. நமக்கோ எல்லாம் ஓடுகிற மாதிரியே தெரியும்.

மருந்து, கவர் மேல் இருக்கிற அனுப்புநரை மாற்றி எழுதும் எஸ்ஆர்எஸ் என்ற முறை. போஸ்ட்எஸ்ஆர்எஸ்டி என்ற சின்ன ப்ரோகிராம் கவர் முகவரியை உங்கள் டொமைனுக்கு மாற்றி எழுதும். எஸ்ஆர்எஸ்0 என்று தொடங்கி ஒரு ஹாஷ் (போலியைப் பிடிக்கிற சரிபார்ப்புக் குறியீடு), இரண்டெழுத்தில் நாள் முத்திரை, அப்புறம் அசல் அனுப்புநரின் டொமைன், பெயர் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். பவுன்ஸ் வந்தால் பிரித்து உரியவருக்கு அனுப்பத்தான் இத்தனையும். ஹாஷ் எதற்கென்றால், அது இல்லாவிட்டால் இப்படி ஒரு முகவரியை யார் வேண்டுமானாலும் ஜோடித்து உங்கள் சர்வர் வழியாக ஊருக்கெல்லாம் ஸ்பாம் அனுப்பலாம். நிறுவுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பழைய முதல் பதிப்பு 10001, 10002 என்ற இரண்டு போர்ட்டில் பேசும், இரண்டாம் பதிப்பு சாக்கெட்மேப் என்ற வேறு இணைப்பு முறைக்கு மாறிவிட்டது. பழைய குறிப்பைப் பார்த்து புதிய பதிப்பை நிறுவி ராத்திரி முழுக்க விழித்திருந்தவன் சொல்கிறேன்.

தலைப்பில் கை வைப்பது

எஸ்ஆர்எஸ் போட்ட தைரியத்தில், கடை மெயில் தனியாகத் தெரியட்டும் என்று சப்ஜெக்டில் '[கடை]' என்று ஒட்டவைத்தேன். சப்ஜெக்டையும் சேர்த்துத்தான் டிகிம் கையெழுத்துப் போடுகிறார்கள். ஓர் எழுத்து மாறினாலும் கையெழுத்து செல்லாது. எஸ்ஆர்எஸ்ஸால் எஸ்பிஎஃப் தேறுகிறதே என்றால், அது தேறுவது நம் டொமைன் பெயரில். உள்ளே இருக்கும் ஃப்ரம் டொமைனோடு ஒத்துப்போகாது. அதனால் டீமார்க் (எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது ஃப்ரம் டொமைன் பெயரில் தேறுகிறதா என்று பார்க்கிற சோதனை) தோற்கும். டீமார்க் தோற்றால் ரிஜெக்ட் என்று கொள்கை வைத்திருக்கும் வங்கிகளின் மெயில் அன்றிலிருந்து நின்றுபோனது. அடியில் 'இது ஃபார்வர்டு செய்யப்பட்டது' என்று ஒரு வரி சேர்த்தாலும் பெரும்பாலும் இதே கதிதான். வகை பிரிக்க ஆசையா, ஜிமெயிலில் லேபிள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பாமையும் சேர்த்துத் தள்ளுவது

டொமைனில் எந்தப் பெயருக்கு வந்தாலும் வாங்கிக்கொள்கிற கேட்ச்-ஆல் வைத்து, அதை அப்படியே ஃபார்வர்டு செய்தால், அத்தனை குப்பையும் உங்கள் ஐபியிலிருந்து போனதாகத்தான் கணக்கு. கொஞ்ச நாளில் நல்ல மெயிலும் தாமதமாகும். ஆர்ஸ்பாம்டி மாதிரி ஸ்பாம் வடிகட்டி ஒன்றை முன்னால் நிறுத்தி, சந்தேகமானதை வாசலிலேயே மறுத்துவிடுங்கள். உள்ளே வாங்கிவிட்டு அப்புறம் பவுன்ஸ் அனுப்பக் கூடாது. ஸ்பாமில் அனுப்புநர் பெயர் பொய், யாரோ ஒரு அப்பாவிக்குப் போய்ச் சேரும்.

ஐபிவி6-க்கு பிடிஆர் வைக்காமல் விடுவது

விடாதீர்கள். ஐபிவி6 என்பது புதுவகை நீண்ட ஐபி, பிடிஆர் என்பது அந்த ஐபி எந்தப் பெயருடையது என்று சொல்கிற ரெக்கார்டு. அது இல்லாவிட்டால் ஜிமெயில் வாங்காது.

அதே ஜிமெயிலிலிருந்து சோதிப்பது

வந்தாலும் இன்பாக்ஸில் தெரியாது. நீங்கள் அனுப்பியதே திரும்பி வந்தால் ஜிமெயில் இரண்டாவது பிரதி காட்டுவதில்லை. வேறு கணக்கிலிருந்து அனுப்புங்கள்.

பிரதி வைக்காமல் விடுவது

டிகிம் இல்லாமல், ஆனால் டீமார்க் ரிஜெக்ட் வைத்துக்கொண்டு அனுப்புகிறவர்களும் உண்டு. அவர்கள் மெயிலை எஸ்ஆர்எஸ் காப்பாற்றாது. ஏலியஸ் வரியில் ஜிமெயிலுக்குப் பக்கத்திலேயே சர்வரில் உள்ள ஒரு அஞ்சல்பெட்டியையும் எழுதிவையுங்கள். அந்த ஒரு வரி அன்றைக்கு இருந்திருந்தால் ஒயிட்ஃபீல்டு மெயில் நம் கையிலேயே இருந்திருக்கும். இடம் போதுமா என்று பையன் கேட்டான். மச்சான் கடையின் பெட்டி இன்னும் இரண்டு ஜிபியைக்கூடத் தொடவில்லை.