கண்மாய் காக்க ஊரைக் கூட்டுவது எப்படி

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. உங்கள் ஊர்க் கண்மாயைச் சீர்செய்ய முதல் ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேர் வந்து, மூன்றாம் வாரம் நான்கு பேர் மட்டுமே மண்வெட்டியோடு நின்றால், மற்றவர்களுக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த நாற்பது பேரும் வெவ்வேறு காரணங்களுக்காக வந்திருப்பார்கள். அழைத்தவர் எல்லாருக்கும் ஒரே காரணம்தான் என்று எண்ணி, எல்லாருக்கும் ஒரே வேலையைக் கொடுத்திருப்பார். எனவே, யார் எதற்காக வருவார் என்பதை அறிவதே முதல் வேலை.

கூட்டம் போடுவதற்கு முன் ஒரு மாதம் ஒதுக்குங்கள். காலையும் மாலையும் கரையில் நடந்து, மதகுக்கு அருகில் வயல் உள்ள தலைமடை விவசாயி, வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ள கடைமடை விவசாயி, ஆடு மேய்ப்பவர், மீன்பாசிக் குத்தகை (மீன்பிடிக்கும் உரிமை) எடுத்தவர், துணி துவைக்க வரும் பெண்கள், கரையிலிருக்கும் கோயிலின் பூசாரி ஆகியோரிடம் தனித்தனியாகப் பேசுங்கள். இந்தக் கண்மாயால் உங்களுக்கு என்ன கிடைத்தது, அது எப்போது நின்றது, எது திரும்பக் கிடைத்தால் நீங்கள் வருவீர்கள் என்ற மூன்று கேள்விகள் போதும். பதில்களை அவரவர் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ‘சுற்றுச்சூழல்’ என்ற சொல் அந்தக் குறிப்பேட்டில் அநேகமாக வராது. கிணறு, மீன், தீவனம், குலசாமி, சிறுவயதில் நீந்திய படித்துறை ஆகியவைதான் வரும்.

பயன் என்பது இழிவான காரணம் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் கொக்கும் நாரையும் இடும் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதை அவ்வூர் விவசாயிகள் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்த விவசாயிகள் ஆட்சியரிடம் முறையிட்டு, சுடுவதைத் தடுக்கும் உரிமையை எழுத்தில் பெற்றார்கள். வனவிலங்குச் சட்டங்கள் எவையும் இல்லாத காலத்தில் ஒரு சிற்றூர் இதைச் சாதித்ததற்கு நெல் விளைச்சலும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரிலும் பயனை வெளிப்படையாகப் பேசுங்கள்: தூர் எடுத்தால் வண்டல் யாருக்குக் கிடைக்கும், நீர் நின்றால் எந்தக் கிணறுகள் ஊறும் என்பதை வரைபடத்தில் குறித்துக் காட்டுங்கள்.

ஆனால் பயன் மட்டும் மனிதர்களைப் பல ஆண்டுகள் பிடித்து வைக்காது. சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டி மக்கள், கண்மாய்ப் பறவைகள் அஞ்சுமென்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் வீட்டு மரங்களிலேயே பறவைகள் கூடு கட்டுகின்றன; ஊரார் விரட்டுவதில்லை. இங்கே செயல்படுவது, ‘எங்கள் ஊருக்கு வரும் விருந்தாளிகள்’ என்ற பெருமிதம். இந்தப் பெருமிதத்தை வளர்க்கக் குழந்தைகளிடமிருந்து தொடங்குங்கள். பொங்கல் நாட்களில் தமிழ்நாடெங்கும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் உங்கள் பள்ளி மாணவர்களைச் சேர்த்து, அவர்கள் கண்ட பறவைகளின் பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள்.

மூன்றாவது காரணம் இழப்பு. 2018 நவம்பரில் கஜா புயல் காவிரி டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்த பிறகு, தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணிப் பகுதி இளைஞர்களும் விவசாயிகளும் ‘கைஃபா’ என்ற அமைப்பாகத் திரண்டு, 2019இல் அவ்வூர்ப் பெரிய ஏரியைத் தூர்வாரினார்கள். மதுரை மாவட்டம் மேலூர் அருகிலுள்ள அரிட்டாபட்டியில் இழப்பு இன்னும் நேரவில்லை, நேரவிருந்தது: 2022 நவம்பரில் சுமார் 193 எக்டேர் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அப்பகுதியையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தின் முடிவு 2024 நவம்பரில் வெளியானதும், சுற்றுவட்டார ஊர்களே திரண்டன, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அரிட்டாபட்டி மலையின் குடைவரைக் கோயில், சமணர் படுக்கைகள், சுனைகள், அடிவாரத்து வயல்கள் என ஒவ்வொருவரும் காக்க வந்தது ஒவ்வொன்று. நின்ற இடம் மட்டும் ஒன்று. துயரமும் அச்சமும் ஆட்களை விரைவாகத் திரட்டும், ஆனால் விரைவாக வடிந்தும் விடும். ஆகவே அந்தச் சில மாதங்களுக்குள் நிரந்தரமான ஒரு குழுவையும் ஒரு கணக்குப் புத்தகத்தையும் உருவாக்கிவிடுங்கள்.

இனி, காரணத்துக்கு ஏற்ப வேலையைப் பிரித்துக் கொடுங்கள். வண்டல் வேண்டும் என்ற விவசாயி, வட்டாட்சியரிடம் அனுமதி பெற்று மண் எடுக்கும் பொறுப்பை ஏற்கட்டும். கரையின் அடியை ஒட்டித் தோண்டினால் கரை சரியும் என்பதால் எங்கே, எவ்வளவு ஆழம் எடுப்பது என்பதைப் பொறியாளரைக் கேட்டு முன்னரே முளையடித்துக் காட்டுங்கள். மடை திறந்து வயல்களுக்கு நீர் பாய்ச்சிய பழைய நீர்க்கட்டியின் குடும்பத்தார், முதியவர்கள் ஆகியோரின் நினைவில்தான் மூடிப்போன வரத்துக்கால்கள், அதாவது கண்மாய்க்கு நீர் வரும் கால்வாய்கள், இருக்கின்றன. அவர்கள் கையில் மண்வெட்டியைக் கொடுக்காமல், அவர்களை முன்னால் நடக்கவிட்டு, சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்து வேலையில் பழகியவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் நிலத்தின் வகையையும் பரப்பையும் காட்டும் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்த்து எல்லையை உறுதிசெய்யட்டும்; கிடைக்காத ஆவணத்துக்கு 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

இந்த முயற்சியால் நட்டமடைபவர்களிடம் முதலிலேயே பேசாமல் இருப்பதுதான், நான் பார்த்தவரையில், பல முயற்சிகள் முறிவதற்குக் காரணம். சீமைக்கருவேலை வேரோடு அகற்ற நினைக்கிறோம். அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் அதே ஊரில் இருக்கின்றன. வெட்டும் வேலையையும் விறகையும் அவர்களுக்கே தருவதாக முடிவு செய்தால், எதிர்ப்பாளர்களாக மாறக்கூடியவர்கள் கூட்டாளிகளாகிறார்கள். பறவைகள் கூடு கட்டியிருக்கும் மரங்களை அந்தப் பருவத்தில் தொடாதீர்கள்; நாட்டுக்கருவேலை எப்போதும் விட்டுவையுங்கள். ஆக்கிரமிப்பாளரோடு கரையில் நின்று வாக்குவாதம் செய்ய வேண்டாம். அளந்து, எழுத்தில் மனு கொடுத்து, 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டப்படி நடவடிக்கை எடுப்பதை அதிகாரிகளிடம் விடுங்கள். அண்டை வீட்டாரைப் பகைத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்ற அச்சத்தாலேயே ஒதுங்கி நிற்பவர்கள் அதற்குப் பிறகு துணிந்து வருவார்கள்.

முடிவுகளை வாட்ஸ்அப் குழுவோடு நிறுத்தாமல் கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் சபை கூடுகிறது. இவற்றில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். கோடைக்குள் வேலையை முடிக்க வேண்டியிருப்பதால், அன்று தீர்மானம் போடுவது காலத்துக்கும் பொருந்துகிறது.

வேலையை வரத்துக்காலில் தொடங்குங்கள். மரக்கன்று நடுவது புகைப்படத்துக்கு அழகாக இருக்கும், ஆனால் நீர் வரும் வழி அடைபட்டிருந்தால் கண்மாயை எவ்வளவு தோண்டினாலும் அது வறண்டே கிடக்கும். அடுத்து மதகையும், மிகுதி நீர் வழிந்தோடும் கலிங்கையும் பாருங்கள். தூர்வாரலும் கரையில் பனை விதை ஊன்றுவதும் அதற்குப் பிறகு. வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழையன்று, வேலை செய்த அத்தனை பேரையும் அழைத்துக்கொண்டு வரத்துக்கால் வழியே நடந்து செல்லுங்கள். நீர் எங்கே தயங்கி நிற்கிறதோ அங்கே ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். மதகின் சுவரில் நீர்மட்டத்தைத் தேதியோடு வண்ணத்தால் குறித்து, அந்த அளவை நவம்பர் 1 கிராம சபையில், கடைமடை விவசாயி ஒருவரையே எழுந்து வாசிக்கச் சொல்லுங்கள்.